காற்றை நிறுக்கும் அறை

(திருத்தணியில் ஆசிரியர்கள், மாணவர்கள், பொதுமக்கள் முன்னிலையில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அழைப்பிதழ் அச்சடிக்கப் போன நண்பர் என்னிடம் கேட்டார்: "ஐயா, 'காற்று மாசு' என்று போட்டால் நாலு பேர் வருவார்கள். 'ஆய்வகத்தில் தூசியை நிறுப்பது' என்று போட்டால் யார் வருவார்கள்?" நீங்கள் வந்திருக்கிறீர்கள். அவர் இப்போது பின்வாசலில் நாற்காலி தேடிக்கொண்டிருக்கிறார்.

காற்று மாசைப் பற்றிப் பேச ஊரில் ஆள் நிறைய உண்டு. அதை அளப்பதைப் பற்றிப் பேசத்தான் ஆள் இல்லை. செல்போனைத் திறந்தால் கும்மிடிப்பூண்டியில் இவ்வளவு, ராணிப்பேட்டையில் இவ்வளவு, திருமலையில் இவ்வளவு என்று எண் வந்து நிற்கிறது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறமும் காட்டுகிறது. அந்த எண் எங்கிருந்து வந்தது? ஒரு கருவியிலிருந்து. அந்தக் கருவி சரியாகச் சொல்கிறது என்று யார் சொன்னார்கள்? இன்னொரு கருவியோடு ஒப்பிட்டுப் பார்த்தவர்கள். அந்த இன்னொரு கருவியை எதோடு ஒப்பிட்டார்கள்? இப்படிக் கேட்டுக்கொண்டே போனால், கடைசியில் ஒரு சின்ன அறைக்கு வந்து சேருவோம். ஏசி ஓடிக்கொண்டிருக்கும். அசையாத கல்மேசை மேல் ஒரு தராசு. அதன் முன்னால் கையுறை போட்ட ஒருவர், இடுக்கியில் ஒரு வட்ட ஃபில்டரைப் பிடித்துக்கொண்டு மூச்சைக்கூட அடக்கி உட்கார்ந்திருப்பார். நாட்டின் காற்றுத்தரக் கணக்கு முழுவதும் அந்த ஒருவர் கையில்தான் இருக்கிறது. என் பேச்சும் அந்த அறையைப் பற்றியதுதான். கருவி வாங்க நாம் கொட்டும் பணத்தில் ஒரு பங்கையாவது அந்த அறைக்குச் செலவிட வேண்டும். அதுவரை மற்ற எண்கள் எல்லாம் அரைகுறைதான். இதுதான் என் கட்சி.

அடிப்படையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பள்ளி மாணவர்களுக்கே இது தெரியும். 10 மைக்ரானுக்கு உட்பட்ட துகள் பி.எம். 10, 2.5 மைக்ரானுக்கு உட்பட்டது பி.எம். 2.5. பின்னது தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. நுரையீரலின் அடிவரை போகும். நம் நாட்டுத் தரநிலை 2009 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. பி.எம். 2.5-க்கு 24 மணி நேரச் சராசரி ஒரு கன மீட்டரில் 60 மைக்ரோகிராம், ஆண்டுச் சராசரி 40. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் இறக்கிய வழிகாட்டு அளவு முறையே 15, 5. இந்த நான்கு எண்களை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வேலைக்கு ஆகும்.

இனி கொஞ்சம் வரலாறு. இந்தத் திருத்தணி மண்ணில் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் பிறந்தது 1888-இல். அதே ஆண்டு ஸ்காட்லாந்தில் ஜான் எய்ட்கன் என்பவர், காற்றில் மிதக்கும் தூசியை ஒவ்வொன்றாக எண்ணும் கருவியைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். இரண்டுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. ஊர்க்காரர்களுக்கு ஆண்டு நினைவில் நிற்கட்டும் என்று சொல்கிறேன். எய்ட்கன் செய்தது இதுதான். கொஞ்சம் காற்றை எடுத்து, அதைத் தூசி நீக்கிய காற்றோடு கணக்காகக் கலந்து, ஈரம் நிறைந்த பெட்டிக்குள் விட்டு, பம்ப்பை இழுத்துத் திடீரென விரிய வைப்பார். விரிந்ததும் காற்று குளிரும். குளிர்ந்ததும் ஒவ்வொரு தூசியைச் சுற்றியும் நீர் கூடி ஒரு துளியாகும். கட்டம் கீறிய பளபளப்பான வெள்ளித் தகட்டில் துளிகள் விழும். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு எண்ண வேண்டியதுதான். பென் நெவிஸ் என்ற மலையின் உச்சியில் இருந்த வானிலை நிலையத்தில்கூட இந்தக் கருவியை வைத்துத் தூசி எண்ணினார்கள். 1894-இல் சி.டி.ஆர். வில்சன் அதே மலையில் சில வாரம் தங்கி மேகங்களைப் பார்த்துவிட்டு வந்துதான் தம் முகில் அறை வேலையைத் தொடங்கினார். 1927-இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. இன்றைக்கு ஆய்வகங்களில் இருக்கும் துகள் எண்ணிகள் தண்ணீருக்குப் பதில் பெரும்பாலும் பியூட்டனால் ஆவியைப் பயன்படுத்துகின்றன, கண்ணுக்குப் பதில் லேசர் எண்ணுகிறது. மற்றபடி அடிப்படை எய்ட்கனுடையதே.

எண்ணுவது ஒரு வழி. நிறுப்பது இன்னொரு வழி. இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. போக வேண்டிய அவசியமும் இல்லை. புகையில் எண்ணிக்கை கோடிக்கணக்கில் இருக்கும், எடை இருக்காது. கல் உடைக்கும் இடத்தில் எடை இருக்கும், எண்ணிக்கை குறைவு. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் 1916 வாக்கில் ராபர்ட் கோட்ஸே என்ற பொறியாளர் கோனிமீட்டர் என்றொரு கருவியைச் செய்தார். ஸ்பிரிங் வைத்த பிஸ்டன் ஒரு சிட்டிகை காற்றை இழுத்து, பிசுபிசுப்பு தடவிய கண்ணாடித் தகட்டின்மேல் பாய்ச்சும். பிறகு மைக்ராஸ்கோப்பில் எண்ணுவார்கள். பல ஆண்டுக்காலம் சுரங்கத் தூசி என்றாலே எண்ணிக்கைதான்.

இது நமக்குத் தூரத்து விஷயம் என்று நினைக்காதீர்கள். கோலார் தங்கவயலுக்கு வட ஆற்காடு, சித்தூர்ப் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாகப் போனவர்கள் உண்டு. திருத்தணியே 1960 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர். அந்தச் சுரங்கத் தொழிலாளர்களிடம் சிலிக்கோசிஸ் நோய் 1940-களிலேயே ஆவணமாகப் பதிவானது. கல்தூசியில் இருக்கும் குவார்ட்ஸ் நுரையீரலைத் தழும்பாக்கும் நோய் அது. சுரங்கம் 2001-இல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் எண்ணிக்கை, எடை என்ற இரட்டைக் கணக்கு நம் சட்டத்தில் அதன் பிறகும் தங்கியிருந்தது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையைப் பாருங்கள். குவார்ட்ஸ் தூசிக்கு ஒரு வரம்பு, கன மீட்டருக்கு இத்தனை மில்லியன் துகள் என்று எண்ணிக்கையில் இருக்கும். இன்னொரு வரம்பு மில்லிகிராமில் இருக்கும். நுரையீரலுக்குள் போகும் தூசிக்கு அந்த எடை வரம்பு என்ன தெரியுமா? 10-ஐ, குவார்ட்ஸ் சதவீதத்தோடு 2-ஐக் கூட்டிய தொகையால் வகுக்க வேண்டும். தூசியில் 8 சதவீதம் குவார்ட்ஸ் இருந்தால் வரம்பு 1 மில்லிகிராம். 30 சதவீதம் இருந்தால் 0.3 மில்லிகிராமுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். ஆக, இரண்டு கிரஷர்களில் ஃபில்டர் எடை ஒன்றாகவே இருக்கலாம். ஒன்று சட்டத்துக்கு உட்பட்டது, மற்றது மூன்று மடங்கு மீறியது. தராசு இதைச் சொல்லாது. ஃபில்டரை எக்ஸ்-ரே விளிம்புவிலகல் கருவியிலோ அகச்சிவப்பு நிறமாலைக் கருவியிலோ வைத்து குவார்ட்ஸ் எவ்வளவு என்று பார்த்தால்தான் தெரியும். கல்குவாரி உள்ள எந்த வட்டாரத்துக்கும் 'தூசி இவ்வளவு மைக்ரோகிராம்' என்ற அறிக்கை மட்டும் போதாது. அறிக்கையில் குவார்ட்ஸ் சதவீதம் இல்லையென்றால் அது பாதி அறிக்கை.

சரி, அறைக்குள் போவோம்.

முதலில் பழைய வழக்கத்தைச் சொல்கிறேன். பி.எம். 10 அளக்க நம் நாட்டில் பல்லாண்டாகப் பழகிய கருவி, தகரப்பெட்டி வீடு மாதிரி மொட்டை மாடியில் நிற்குமே, அதுதான். ஒரு நிமிடத்துக்கு ஒரு கன மீட்டருக்கு மேல் காற்றை இழுக்கும். எட்டங்குலத்துக்குப் பத்தங்குலக் கண்ணாடி இழை ஃபில்டர். எட்டு மணி நேரம் ஓடினால் 500 கன மீட்டர் காற்று அதன் வழியே போயிருக்கும். காற்றில் 100 மைக்ரோகிராம் இருந்தால் ஃபில்டரில் 50 மில்லிகிராம் சேரும். கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் உள்ள நாலு தசம இலக்கத் தராசே இதற்குப் போதும். ஒரு மில்லிகிராம் அப்படி இப்படிப் போனாலும் குடி மூழ்காது.

பிறகு பி.எம். 2.5 வந்தது. அதை அளக்கும் கருவி நிமிடத்துக்கு 16.67 லிட்டர்தான் இழுக்கும். ஒரு மணிக்கு ஒரு கன மீட்டர், ஒரு நாளுக்கு 24. காற்றில் நம் நாட்டு வரம்பான 60 மைக்ரோகிராமே இருந்தாலும், 24 மணி நேரம் ஓடி முடித்த 47 மில்லிமீட்டர் டெஃப்லான் ஃபில்டரில் சேர்வது 1.44 மில்லிகிராம். ஃபில்டரின் எடையோ 100 மில்லிகிராமுக்கு மேல். நாலு தசமத் தராசு 0.1 மில்லிகிராமுக்குக் கீழே பார்க்காது. அந்தத் தராசின் கடைசி இலக்கம் ஒன்று மாறினால் முடிவில் 4 மைக்ரோகிராம் மாறிப்போகும். உலக சுகாதார நிறுவனத்தின் ஆண்டு அளவே 5 தான் என்று சொன்னேன் அல்லவா? கருவி மாறியது, ஃபில்டர் மாறியது, சில இடங்களில் பழக்கம் மட்டும் மாறவில்லை. பெரிய ஃபில்டருக்குப் பழகிய கைகளோடும் அதே அறையோடும் சின்ன ஃபில்டரை நிறுத்தார்கள். எங்கே என்று கேட்காதீர்கள்.

ஒரு மைக்ரோகிராம்வரை காட்டும் மைக்ரோ தராசு வாங்கினால் மட்டும் தீராது. அந்தத் தராசு எல்லாவற்றையும் காட்டும், அதுதான் சங்கடமே. காற்றின் ஈரப்பதம் கூடினால் ஃபில்டரில் ஒட்டிய சல்ஃபேட் துகள்கள் நீரை உறிஞ்சி எடை கூடும். டெசிக்கேட்டரில் ஒரு நாள் முழுக்க உலர வைத்துவிட்டு, ஐப்பசி அடைமழையில் ஜன்னல் திறந்த அறைக்குக் கொண்டுவந்து நிறுத்தால், நிறுக்கும்போதே எண் மெல்ல ஏறிக்கொண்டே போகும். எந்த எண்ணை எழுதுவது? அதனால்தான் ஃபில்டர் இருக்கும் அறையும் நிறுக்கும் அறையும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்கிறார்கள். அமெரிக்க விதிப்படி ஃபில்டரை 24 மணி நேரம் 20 முதல் 23 டிகிரி வெப்பத்தில், 30 முதல் 40 சதவீத ஈரப்பதத்தில் வைத்துவிட்டு, அங்கேயே நிறுக்க வேண்டும். ஐரோப்பியத் தரத்தில் 19 முதல் 21 டிகிரி, 45 முதல் 50 சதவீதம். வீட்டு ஏசி வெப்பத்தைத்தான் பிடிக்கும், ஈரப்பதத்தைப் பிடிக்காது. அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும். சாயங்காலம் அலுவலகம் பூட்டும்போது ஏசியை அணைத்துவிட்டுக் காலையில் போடும் அறையில் 24 மணி நேரம் என்பது ஏட்டில் மட்டும்தான் இருக்கும். அறையில் ஒரு பதிவுக்கருவி வைத்து இரவு முழுவதும் வெப்பமும் ஈரப்பதமும் எப்படி இருந்தன என்று வரைபடம் எடுத்துப் பாருங்கள். பல சந்தேகங்கள் அப்போதே தீர்ந்துவிடும்.

அடுத்த எதிரி நிலைமின்னூட்டம். டெஃப்லான் அதற்குப் பேர்போன பொருள். பெட்ரி தட்டிலிருந்து இடுக்கியால் தூக்கும்போதே மின்னூட்டம் ஏறிவிடும். தராசுத் தட்டில் வைத்ததும் சுவரோடு இழுபறி. எண் நிற்காது, பத்து, இருபது மைக்ரோகிராம் என்று ஆடும். கவனமாக வேலை செய்பவர் என்ன செய்வார்? ஃபில்டரை மின்னூட்டம் நீக்கும் பட்டையின் முன்னால் சில விநாடி பிடிப்பார். தட்டில் வைப்பார். கதவை மூடி, எண் நிற்கும்வரை காத்திருந்து எழுதுவார். எடுப்பார். பல ஆய்வகங்களில் அந்தப் பட்டைக்குள் இருப்பது பொலோனியம்-210. அதன் அரை ஆயுள் 138 நாள். அதாவது ஓராண்டில் அதன் வலு ஆறில் ஒரு பங்காகிவிடும். ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் பட்டை தராசுக்குப் பக்கத்தில் அழகுக்கு இருக்கும். பட்டையைப் பார்த்த தணிக்கையாளரும் 'இருக்கிறது' என்று குறித்துக்கொண்டு போவார். வாங்கிய தேதியைக் கேட்பவரே நல்ல தணிக்கையாளர்.

மூன்றாவது, எனக்கு மிகவும் பிடித்தது, வெற்று ஃபில்டர். ஆய்வகத்தில் பிளாங்க் என்பார்கள். ஒன்றும் செய்யாமல் அறையிலேயே வைத்திருந்து மறுபடியும் நிறுக்கும் ஃபில்டர் ஒரு வகை. இன்னொன்றைக் கருவி இருக்கும் இடம்வரை கொண்டுபோய், கேசட்டில் மாட்டி, காற்றை இழுக்காமலே கழற்றித் திரும்பக் கொண்டுவந்து நிறுப்பார்கள். ஒன்றும் சேரவில்லை, ஆகவே எடை மாறக்கூடாது. மாறினால் அந்த மாற்றம் முழுவதும் நம் கையும் அறையும் வண்டியும் செய்த வேலை. அமெரிக்க விதியில் ஆய்வக வெற்று ஃபில்டர் 15 மைக்ரோகிராமுக்கு மேலும், களத்து வெற்று ஃபில்டர் 30 மைக்ரோகிராமுக்கு மேலும் மாறக்கூடாது. எந்த ஆய்வகத்துக்குப் போனாலும் நான் முதலில் கேட்பது வெற்று ஃபில்டர் ஏட்டைத்தான். கருவியின் விலையை யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். வெற்று ஃபில்டர் ஏட்டை எடுத்து நீட்டுபவரே தொழில் தெரிந்தவர்.

இந்த மூன்றையும் ஒரு சேரப் பார்க்க வேண்டுமென்றால் வெளிநாடு போக வேண்டாம், போரூர் போனால் போதும். ஸ்ரீராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தில் கல்பனா பாலகிருஷ்ணனும் அவர் குழுவினரும் பல ஆண்டுகளாக அடுப்புப் புகையை அளந்து வருகிறார்கள். இந்தத் துறைக்கு முன்னோடி கெர்க் ஸ்மித். 1980-களின் தொடக்கத்தில் அவரும் இந்தியக் கூட்டாளிகளும் குஜராத் கிராமங்களில் சமைக்கும் பெண்கள் சுவாசிக்கும் காற்றை அளந்தபோது, சமைக்கும் நேரத்தில் ஒரு கன மீட்டரில் ஏறத்தாழ 7 மில்லிகிராம் தூசி இருந்தது. மைக்ரோகிராம் அல்ல, மில்லிகிராம். அந்தப் புகைக்கு எந்தத் தராசும் போதும்.

போரூர்க் குழு பங்கெடுத்த ஹாப்பின் என்ற ஆய்வின் கதை வேறு. குவாத்தமாலா, பெரு, ருவாண்டா, இந்தியா ஆகிய நான்கு நாடுகளில் ஏறத்தாழ 3,200 கர்ப்பிணிப் பெண்கள் அதில் பங்கெடுத்தார்கள். இந்தியாவில் அது நடந்தது நம் தமிழ்நாட்டில்தான், கள்ளக்குறிச்சி, நாகப்பட்டினம் பகுதிகளில். பாதிப் பேருக்கு கேஸ் அடுப்பும் சிலிண்டரும் இலவசமாகக் கொடுத்தார்கள். மீதிப் பேர் வழக்கம்போல் விறகில் சமைத்தார்கள். இரு தரப்பினரும் அவ்வப்போது 24 மணி நேரம், கையடக்கக் கருவி ஒன்றைச் சட்டைப்பை வைத்த மேலாடையில் மார்புக்கு அருகே அணிந்திருந்தார்கள். வேலை செய்யும் கர்ப்பிணி சுமக்கும் கருவி கனமாக இருக்க முடியுமா? பேட்டரி சின்னது, பம்ப் சின்னது. நிமிடத்துக்கு 0.3 லிட்டர் காற்று. 15 மில்லிமீட்டர் டெஃப்லான் ஃபில்டர்.

கணக்குப் போடுவோம். நிமிடத்துக்கு 0.3 லிட்டர் என்றால் 24 மணி நேரத்தில் 432 லிட்டர். அரை கன மீட்டர்கூட இல்லை. முடிவில் விறகுக்காரர்களின் இடைநிலை அளவு 70.7 மைக்ரோகிராம், கேஸ்காரர்களுடையது 24-ஐ ஒட்டி வந்தது. அப்படியானால் விறகு அடுப்புப் பெண்ணின் ஃபில்டரில் சேர்ந்தது 30 மைக்ரோகிராம். கேஸ் அடுப்புப் பெண்ணின் ஃபில்டரில் 10 மைக்ரோகிராம். சமையல் உப்பின் ஒரு பொடிக்கல் 60 மைக்ரோகிராம் இருக்கும். அதில் ஆறில் ஒரு பங்கு. சற்று முன்னால் சொன்ன களத்து வெற்று ஃபில்டர் சலுகை 30 மைக்ரோகிராம். 47 மில்லிமீட்டர் ஃபில்டருக்கு நாம் மன்னிக்கும் பிழையே, இந்தச் சின்ன ஃபில்டர் சுமந்து வரும் மொத்தச் சரக்கைப்போல மூன்று மடங்கு. இங்கே மன்னிப்புக்கு இடமே இல்லை. ஈரப்பதம், மின்னூட்டம், வெற்று ஃபில்டர் மூன்றும் கட்டுக்குள் இருந்தால்தான் 10-க்கும் 30-க்கும் வித்தியாசம் தெரியும்.

2022-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் முடிவு வந்தது. புகை குறைந்தது நிச்சயம். ஆனால் குழந்தைகளின் பிறப்பு எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஒரு தரப்பில் சராசரி 2,921 கிராம், மறுதரப்பில் 2,898. பலருக்கு ஏமாற்றம். எனக்கு அதில்தான் அளவையின் பெருமை தெரிகிறது. தூசியை அரைகுறையாக அளந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? 'கேஸ் கொடுத்தும் புகை குறையவில்லை போலிருக்கிறது' என்று ஒருவர், 'அளந்ததில் கோளாறு' என்று இன்னொருவர். விவாதம் அங்கேயே நின்றிருக்கும். அளவு உறுதியாக இருந்ததால் அந்த 'இல்லை' என்ற பதிலை ஏற்றுக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போக முடிந்தது. போரூர்க் குழு, சென்னையிலும் கிராமப் பகுதிகளிலும் 1,285 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து பார்த்து, 2018-இல் வெளியிட்ட முடிவில், பி.எம். 2.5 பத்து மைக்ரோகிராம் கூடினால் பிறப்பு எடை 4 கிராம் குறைவதாகச் சொன்னது. மூன்று கிலோக் குழந்தையில் 4 கிராம்! அவ்வளவு நுணுக்கமான உறவைத் தேடுபவர் கையில் ஆடும் தராசைக் கொடுக்க முடியுமா?

அறையை விட்டு மொட்டை மாடிக்கு வருவோம். வெயில் அடிக்கிறது, தொப்பி போட்டுக்கொள்ளுங்கள்.

கத்திரி வெயில் நாட்களில் வானிலைத் துறையின் பட்டியலில் வேலூரோடு போட்டி போடும் ஊர் திருத்தணி. இந்த வெயிலுக்கும் தூசிக் கணக்குக்கும் தொடர்பு உண்டு. 25 டிகிரியில் இருக்கும் காற்று 45 டிகிரிக்குச் சூடானால் ஏறத்தாழ 7 சதவீதம் அதிக இடம் பிடிக்கும். ஏசி அறையில் ஓட்ட அளவியைச் சரிபார்த்துவிட்டு, மாடியில் நண்பகலில் அதே எண்ணை நம்பினால், வகுக்கும் எண்ணிலேயே பிழை புகுந்துவிடும். எந்த வெப்பத்தில், எந்த அழுத்தத்தில் இருந்த ஒரு கன மீட்டர் என்று அறிக்கையில் எழுத வேண்டும். கருவி நிற்கும் இடத்திலேயே, நிற்கும் வெயிலிலேயே ஓட்டத்தைச் சரிபார்க்க வேண்டும். துகளைப் பிரிக்கும் சைக்ளோனும் இம்பாக்டரும் ஓட்டத்தை நம்பித்தான் வேலை செய்கின்றன. ஓட்டம் குறைந்தால் பெரிய துகளும் உள்ளே நுழையும். இம்பாக்டர் கிண்ணத்தில் விடும் எண்ணெய் காய்ந்தால் துகள் துள்ளி ஃபில்டருக்குப் போகும். அழுக்கு மேடு கட்டினால் பிரிக்கும் அளவே நகர்ந்துவிடும். ஐந்து மாதிரிகளுக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும் என்பது அமெரிக்க விதி. கல்தூசி பறக்கும் ஊரில் அதற்கும் முன்பே மாற்றினால் தப்பில்லை.

வெயிலால் வரும் இன்னொரு நட்டம், ஃபில்டரில் பிடித்த அமோனியம் நைட்ரேட் ஆவியாகிப் போய்விடுவது. ஓடி முடிந்த ஃபில்டரை மதியம் முழுக்கக் கருவிக்குள்ளேயே விட்டுவிட்டு, சாயங்காலம் பைக் பெட்டியில் போட்டுக்கொண்டு சென்னைக்குப் போனால், வழியிலேயே கொஞ்சம் காற்றோடு போயிருக்கும். 4 டிகிரிக்குக் கீழே வைத்தால் நிறுக்க 30 நாள் அவகாசம் உண்டு. இல்லையென்றால் 10 நாள்தான். ஐஸ் பெட்டி ஒன்றும் பெரிய செலவில்லை.

இப்போது நீங்கள் எதிர்பார்க்கும் கேள்வி. சில ஆயிரம் ரூபாய்க்கு உள்ளங்கை அகலச் சென்சார் கிடைக்கிறதே, ஊர் முழுக்க நூறு வாங்கி மாட்டினால் என்ன? மாட்டலாம். ஐ.ஐ.டி. கான்பூர் பீகார், உத்தரப் பிரதேசக் கிராமப்புறங்களில் வட்டாரத்துக்கு ஒன்றாக இத்தகைய சென்சார்களை நிறுவியிருக்கிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸ் 'காற்று' என்ற திட்டத்தில் ஓடும் வண்டிகளில் சென்சார் பொருத்தித் தெருத்தெருவாக அளக்கிறது. எனக்கு இவற்றின் மேல் மரியாதை உண்டு. ஆனால் இந்தச் சென்சார் எதையும் நிறுப்பதில்லை. ஒளியைப் பாய்ச்சி, துகள்கள் சிதறடிக்கும் வெளிச்சத்தைப் பார்த்து எடையை ஊகிக்கிறது. மார்கழி விடியலில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டும்போது சல்ஃபேட் துகள் நீரைக் குடித்து விட்டத்தில் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். சிதறும் ஒளி அதைவிட அதிகமாகக் கூடும். உலர்ந்த தூசி கூடவில்லை, எண் மட்டும் எகிறும். போகி விடியற்காலையில் பனியும் புகையும் ஒன்றாக நிற்கும். 2018 போகியன்று சென்னை விமானப் போக்குவரத்தே தடுமாறியது. அப்படிப்பட்ட காலையில் சென்சார் காட்டுவதில் எவ்வளவு புகை, எவ்வளவு பனி என்று சென்சாருக்கே தெரியாது. அரசு நிலையங்களில் உள்ள பீட்டாக் கதிர்க் கருவி, இழுக்கும் காற்றைச் சற்றுச் சூடாக்கி ஈரத்தைக் குறைத்துவிட்டுத்தான் அளக்கிறது. விலை வித்தியாசத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

கல்குவாரிப் பக்கம் நேர்மாறான கோளாறு. மலிவுச் சென்சார்கள் பெருந்துகளைப் பிடிப்பதில் மிகப் பலவீனமானவை. பி.எம். 10 என்று திரையில் காட்டும் எண்ணில் பெரும்பகுதி ஊகம். லாரி போன பிறகு வீட்டு வாசலில் ஒரு விரல் தூசி படியும். சென்சார் பச்சை காட்டும். அதை நம்பி 'இங்கே மாசு இல்லை' என்று யாராவது அறிக்கை எழுதினால் சும்மா இருக்காதீர்கள்.

எனவே சென்சாரை ஃபில்டர் கருவிக்குப் பக்கத்திலேயே வெயில், மழை, பனி மூன்றும் பார்க்க வைத்துத் திருத்தக் கணக்கு எடுக்க வேண்டும். கருவிகளுக்குச் சான்று தரும் பொறுப்பை மத்திய அரசு 2019-இல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்திடம் கொடுத்தது நல்ல செயல். ஆனால் சான்று பெற்ற கருவியும் நம்மூர் மொட்டை மாடியில் ஆறு மாதம் நின்ற பிறகு என்ன ஆகிறது என்பதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று, நாம் மாநில எல்லையில் இருக்கிறோம். திருமலையில் அளப்பது ஆந்திர மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், ராணிப்பேட்டையில் அளப்பது தமிழ்நாடு வாரியம். இரண்டையும் ஒப்பிட்டுப் பேச வேண்டுமானால் இரு தரப்பு ஆய்வகங்களும் ஒரே ஃபில்டரை மாற்றி மாற்றி நிறுத்துப் பார்க்கும் வழக்கம் வேண்டும்.

இந்த ஊரில் ஒரு நல்ல சந்தர்ப்பம் ஆண்டுதோறும் வருகிறது. டிசம்பர் 31 இரவு 365 படிகளுக்கும் கற்பூரம் ஏற்றித் திருப்புகழ் பாடி ஏறுகிறார்கள். வள்ளிமலை சுவாமிகள் தொடங்கிவைத்த வழக்கம். அதை நிறுத்து என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் புகை பெரும்பாலும் மிக நுண்ணிய கரித்துகள். எண்ணிக்கையில் ஏறும், எடையில் அவ்வளவு தெரியாது. முந்தைய நாள், அன்றிரவு, மறுநாள் என மலையடிவாரத்தில் ஃபில்டர் கருவி ஒன்றும், பக்கத்தில் சென்சார் ஒன்றும், கூடவே வெற்று ஃபில்டர் ஒன்றும் வைத்தால், நிறுப்பதும் ஒளியில் ஊகிப்பதும் எப்படி வேறுபடுகின்றன என்று மாணவர்கள் கண்ணால் பார்க்கலாம். கருவியை வாடகைக்கோ இரவலுக்கோ வாங்கலாம். நிறுக்கும் அறைதான் கிடைப்பது கடினம்.

ஆகவே இங்கே இருக்கும் அதிகாரிகளுக்கும் கல்லூரிப் பொறுப்பாளர்களுக்கும் என் வேண்டுகோள்: அடுத்த நிதி வரும்போது நாலாவது கருவியை வாங்காதீர்கள். ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் ஓர் அறை, ஒரு மைக்ரோ தராசு, இரவில் அணையாத மின்சாரம், அந்த வேலைக்கென்று நிரந்தரமாக ஓர் ஆள், இவற்றுக்கு அதைச் செலவிடுங்கள். மாணவர்களே, உங்களில் பொறுமைசாலிகள் இந்த வேலைக்கு வாருங்கள். ஆள் தேவை இருக்கிறது. பொதுமக்களே, இனி யாராவது உங்கள் தெருவின் தூசி இவ்வளவு என்று அறிக்கை நீட்டினால், அதை வாங்கிப் படிக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்கள் வெற்று ஃபில்டர் எவ்வளவு காட்டியது?" பதில் சொல்லத் தெரிந்தவரை உட்கார வைத்துப் பேசுங்கள்.